பாவை முடியிலிருந்து திரும்பி வந்தவர்

போன செவ்வாய்க்கிழமை காலை பெரியண்ணனின் மருமகன் போனில் அழைத்தார். "மாமா தவறிட்டாருங்க சார். காப்பி குடிச்சிட்டு இருந்தவரு நெஞ்சு வலிக்குதுன்னாரு, அவ்வளவுதானுங்க." கொஞ்சம் தயங்கி, "மலை காத்திருந்து எடுத்துக்கிச்சுன்னு ஊருல பேசிக்கிறாங்க" என்றும் சொன்னார். முதல் செய்திக்கு அழுதேன். இரண்டாவதற்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கொல்லிமலையில் பெரியண்ணன் மின்வாரிய லைன்மேனாகவும், அவருக்கு மேலதிகாரி என்ற பெயரில் நானும் பல வருடம் வேலை பார்த்தோம். காற்றில் கம்பி அறுந்தால் எனக்கு முன்பே அங்கே நிற்பார். "ஏனுங்க சார், போன்லயே பேசிட்டு இருந்தா கரண்டு வந்துருமுங்களா?" என்று என்னையே கேட்பார். மெமோ கொடுக்கலாமா என்று யோசித்ததுண்டு. கொடுத்தால் அதைக் கொளுத்திப் பீடி பற்றவைப்பார் என்று விட்டுவிட்டேன்.

சிரித்தே ஆளைக் கொல்லும் பாவை குடியிருக்கிறாள் என்று அவர் ஊரார் நம்பும் உச்சி, பாவை முடி. ஐப்பசியில் புதுச் சாமை வந்ததும் வீட்டுக்கு ஒருவர் ஒரு படியைத் துணியில் முடிந்துகொண்டு ஏறி, உச்சிப் பாறையில் கொட்டிவிட்டு வர வேண்டும். பாதியில் திரும்பக் கூடாது. திரும்பிய கால் அதன்பின் ஆயுளுக்கும் ஏறக் கூடாது.

ஒன்பது வருடம் முன்பு நானும் அவர்களோடு ஒட்டிக்கொண்டேன். வெறுங்காலோடு வரச் சொல்லியும் கேட்காமல் புது ஷூவில் போனேன். உச்சிக்கு அரைமணி நேரம் இருக்கையில் ஈரப்பாறை வழுக்கிக் கணுக்கால் முறிந்தது. மழையும் பிடித்துக்கொண்டது. "சாரைப் பாறைக்கடியில உக்கார வெச்சிட்டு வா. எறங்கறப்போ தூக்கிக்கலாம்" என்றார் பெரியண்ணனின் அண்ணன். நான்கூடச் சரி என்றேன். ஆனால் குளிரில் என் பல் தந்தியடிப்பதைப் பெரியண்ணன் பார்த்துவிட்டார். "மலைக்கு ஒரு வருசம் பசிச்சா ஒண்ணும் ஆகாதுங்க. இவரு தாங்க மாட்டாரு" என்று சாமையை இடுப்பில் கட்டிக்கொண்டு என்னை முதுகில் ஏற்றினார். இறங்கும் வழியெல்லாம் என் ஷூவைத் திட்டிக்கொண்டே வந்தார்.

அடுத்த ஐப்பசியில் அவரை வழியனுப்ப நானும் போயிருந்தேன். மலையடிவாரத்திலேயே அவரை மறித்தார்கள். முன்னால் நின்றவர் அதே அண்ணன். தவறு என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். "நீங்க சும்மா இருங்க சார்" என்று பெரியண்ணன் என்னை அடக்கிவிட்டு அண்ணனிடம் சொன்னார்: "மலை என்னைத் திருப்பலீங்கண்ணா. நானாத்தான் திரும்பினேன். நாளைக்கே இன்னொருத்தரு விழுந்தா, அப்பவும் திரும்புவேன். இப்ப வழிய விடுங்க."

யாரும் விடவில்லை. முள்ளுக்குள் இறங்கி அவர்களைச் சுற்றிக்கொண்டு ஏறினார். மாலையில் உடம்பெல்லாம் கீறலோடும் வெறும் துணியோடும் வந்தார். ஊர் அவரோடு பேசவில்லை, அவரும் கெஞ்சவில்லை. பிறகு வருடா வருடம் தனியாகவே ஏறினார்.

மலை எடுத்துக்கொண்டதாம்! எட்டு முறை தன் தலைமேல் வந்து நின்றவரை எட்டு முறையும் விட்டுவிட்டு, வீட்டில் காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருக்கும்போதா வந்து எடுக்கும்? அறுபது தாண்டிய மனிதருக்கு மாரடைப்பு வந்தது. ஒரு நல்லவரின் சாவைக்கூட அவருக்கே தண்டனையாக்கிப் பேச எப்படித்தான் நாக்கு வருகிறதோ!

துக்கம் கேட்கப் போனபோது மருமகன் தலை நிமிரவில்லை. ஊர்ப்பேச்சு அவரையும் பயமுறுத்தியிருந்தது. பெரியண்ணனின் மனைவிதான் கேட்டார்: "இனி எங்க ஊட்டுச் சாமை மேல போகாதுங்களா சார்?"

"போகுமுங்க" என்றேன்.

அன்று பாதியில் திரும்பியவர் அவர் மட்டும் இல்லை. அவர் முதுகில் தொங்கியபடி நானும்தான் திரும்பினேன். வெளியூர் அதிகாரி என்பதால் என்னை யாரும் கேட்கவில்லை. பெரியண்ணனிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை அவர் காப்பாற்றித் தந்த இந்த இரண்டு கால்கள்தான். வரும் ஐப்பசியில் அவர் வீட்டுச் சாமையோடு இவை பாவை முடி ஏறும். மறிக்க வருகிறவர்கள் வரட்டும்.