ரொட்டி அடுப்பின் வாய்

எனக்கு எழுபத்திரண்டு வயது. நான்கு பெற்றேன், ஆறு வளர்த்தேன். மற்ற இரண்டும் என் தம்பி விட்டுவிட்டுப் போனவை. ஆறு பேரில் ஒருவரைக்கூடப் பசி என்று இன்னொருத்தர் வாசலில் நிற்க விட்டதில்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். படிப்பைச் சொல்லிப் பெருமைப்பட வழியில்லை. பேங்கில் கையெழுத்துப் போடுகிற அளவுக்குத்தான் எனக்கு எழுத்து வரும். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பெரிய பேத்தி எழுதுகிறாள். சத்தியவேட்டில் தமிழ் மீடியத்தில் எட்டாவது படிக்கிறாள். போனைப் பார்த்துப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் ஆயா என்றாள். வேண்டாம், நான் திட்டுகிற இடத்தையெல்லாம் அது விட்டுவிடும், நீயே எழுது என்றேன்.

முந்தாநாள் வந்த கோபம் இன்னும் போகவில்லை. என் சின்ன மகன் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். அவன் பெண்டாட்டி, இதை எழுதுகிறவளின் அம்மா, வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள்; கம்பெனிப் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் என்றால் இவளிடம்தான் சொல்லிவைப்பார்கள். கெட்டிக்காரி. அதில் குறை சொல்ல மாட்டேன். அதற்கென்று கரண்டில் சூடேறுகிற ஓவன் ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள். அதில் மாவு பொங்கி வழிந்து, தீய்ந்து, உள்ளே எல்லாம் கரி பிடித்துக் கிடந்தது. போனைத் திறந்தால் அதில் ஒரு பெண் சிரித்துக்கினே பேசுகிறாள், ஓவனைச் சுத்தம் செய்ய ஈஸியான வழிகளாம். சோடா மாவைக் குழைத்துப் பூசி ஊறவிடு, கிண்ணத்துத் தண்ணீரில் எலுமிச்சம்பழம் பிழிந்து உள்ளே வைத்து ஆவி கட்டு, வினிகர் தெளித்துத் துடை. அதுவரை நானும் கேட்டுக்கினுதான் இருந்தேன். அப்புறம் மருமகள் சின்னப் பேத்தியைக் கூப்பிட்டாள். அதற்கு ஆறு வயது.

"வாடி கண்ணு, உன் கை சின்னது. அந்த மூலைக்குள்ள உட்டுத் தேய். எங்க கை போவலை. ஈஸியா முடிஞ்சிடும்."

அப்புறம் நடந்தது எனக்கே சரியாகத் தெரியவில்லை. தேய்க்கிற பஞ்சு தெருவில் கிடந்தது. சின்னது அழுதுக்கினு நின்றது.

"அத்த, பிளக்க புடுங்கிதான வெச்சிருக்கேன்? கொழந்தைய நான் இன்னா பண்ணிட்டேன்?" என்றாள் மருமகள்.

"நீயும் ஒரு தாயா?" என்று கேட்டுவிட்டு நான் எழுந்து போய்விட்டேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் வைக்கிறாள். சொன்னதைத் திருப்பி வாங்குகிற வழக்கம் எனக்கு இல்லை. ஆனால் ஏன் சொன்னேன் என்பதைச் சொல்லலாம்.

அப்போது எனக்கும் ஆறு வயது. நாங்கள் குடிபாலா பக்கம். அங்கே எங்களுக்குக் கையகல நிலம் கிடையாது. பிழைப்புத் தேடி நைனா எங்களைச் சித்தூருக்கு இட்டுக்கினு வந்தார். ஒரு ரொட்டிக் கடையில் விறகு பிளந்து அடுப்பு எரிக்கிற வேலை. கடைக்குப் பின்னால் விறகுக் கொட்டகை, அதை ஒட்டி மொதலாளி கொடுத்த குடிசை. நைனா, அம்மா, நான், என்னைவிட இரண்டு வயது சின்னவனான தம்பி. அம்மா கடலைக்காட்டுக்குக் கூலிக்குப் போவாள்.

ரொட்டி அடுப்பு என்றால் செங்கல்லில் கட்டின சின்ன அறை. உள்ளே ஒரு மாடு படுக்கலாம். ஆனால் வாய் மட்டும் எங்கள் வீட்டுச் சின்ன முறம் அகலம்தான். சூடு வெளியே போகக் கூடாதென்று அப்படிக் கட்டியிருந்தார்கள். உள்ளேயே விறகை எரித்து, தணலை வாரிவிட்டு, ஈரச்சாக்கைக் கழியில் கட்டித் துடைத்து, அப்புறம் ரொட்டியை உள்ளே தள்ளுவார்கள். நாளாக ஆக, மேல் வளைவில் புகைக்கரி அடை அடையாகப் பிடிக்கும். அது ரொட்டி மேல் உதிரும். வாங்குகிறவன் திட்டுவான். அதனால் வருஷத்துக்கு ஒரு தரம், போகியன்று, ஊரெல்லாம் வீட்டைச் சுத்தம் செய்கிறபோது மொதலாளி கடையை மூடி அடுப்பைச் சுரண்ட வைப்பார். மறுநாள் சங்கராந்தி, அடுப்பு மறுபடி எரிந்தாக வேண்டும்.

வெளியிலிருந்து கழியை விட்டுச் சுரண்டினால் பாதிக் கரிதான் வரும். வாய் ஓரத்தில் இரண்டு செங்கல்லைப் பெயர்த்தால் பெரிய ஆளே உள்ளே போகலாம். ஆனால் பெயர்த்ததைக் கட்ட மேஸ்திரி வேண்டும், கட்டினது காய நாள் வேண்டும், பண்டிகை வியாபாரம் போய்விடும். மொதலாளி யோசித்தார். அவருக்கும் ஒரு ஈஸியான வழி கிடைத்தது. அந்த ஈஸியான வழி நான்தான்.

அம்மா காட்டுக்குப் போன பிறகு நைனா வந்து, "கடைக்கு வரியா? மொதலாளி பன்னு தராரு" என்றார். பன்னு என்றால் நான் பெங்களூர் வரைக்கும் நடப்பேன். என் மேல் ஈரச்சாக்கைச் சுற்றி, கையில் தேய்ந்த கொத்துக்கரண்டியைக் கொடுத்து, தலை முன்னால் போக உள்ளே தள்ளினார்கள். முதல் தரமே தோள் உரசிக்கொண்டுதான் போனேன். முந்தின நாள் அணைத்த அடுப்பு. ஆனால் செங்கல் லேசில் சூட்டை விடாது. ஜுரம் வந்த உடம்பைத் தொட்டால் எப்படி இருக்கும், அப்படி நாலு பக்கமும். சாக்கு கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிட்டது. கண்ணில் கரி. வாயில் கரி. வெளியே மொதலாளியின் குரல் மட்டும், தெலுங்கில் "பைன, பைன" என்று. மேலே சுரண்டு, மேலே சுரண்டு.

எனக்கு அழுகை வரவில்லை. அதுதான் இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. எனக்குப் பெருமையாக இருந்தது. பெரிய ஆம்பளைகள் எல்லாம் வெளியே நிற்கிறார்கள், உள்ளே போக என்னால்தான் முடிகிறது. வெளியே வந்ததும் மொதலாளி என் தலையில் தட்டி, சமத்துப் பொண்ணு என்றார். மேலே சர்க்கரை தூவின பன்னு கொடுத்தார். பாதியைத் தின்று, பாதியைத் தம்பிக்கு எடுத்துக்கினு போனேன்.

சாயங்காலம் அம்மா வந்தாள். வாசலில் நின்ற என்னை யார் வீட்டுப் பிள்ளையோ என்று பார்த்தாள். அடையாளம் தெரிந்ததும் தண்ணீர் ஊற்றினாள். கரி போகப் போக முட்டியிலும் முழங்கையிலும் கொப்புளம் தெரிந்தது.

"யாரு இவள உள்ள உட்டது?"

"சூடே இல்லடி. நானே கைய வெச்சிப் பாத்தேன்" என்றார் நைனா.

"கைய வெச்சியா? ஒடம்ப வெச்சிப் பாக்கறது."

"அந்த வாயில நான் எப்பிடிடி போறது? வர்ற வருசமும் இவளத்தான் கேப்பாரு. மாட்டேன்னா வேலையும் போவும், குடிசையும் போவும். ரோட்டுல படுத்துக்கலாமா?"

அம்மா என்னை மடியில் இழுத்து உட்கார வைத்தாள். கொப்புளத்துக்கு விளக்கெண்ணெய் தடவினாள். பன்னில் பாதியை அம்மாவுக்கு வைக்காததுதான் சண்டைக்குக் காரணம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் முதல் எனக்குத் தீனி ஆரம்பித்தது. எனக்கு ஒரு களி உருண்டை என்றிருந்தது போய் இரண்டானது. காட்டிலிருந்து மடியில் கடலை கட்டிக்கொண்டு வந்து, உரித்து உரித்து என் வாயில் போடுவாள். "துன்னு. இன்னும் துன்னு." வேண்டாம் என்றால் முதுகில் ஒன்று வைப்பாள். நீ துன்னலையா என்று கேட்டால் காட்டிலேயே ஆயிடுச்சி என்பாள். அமாவாசைக்கு அமாவாசை என்னைச் சுவரோரம் நிற்க வைத்து, அந்தச் சின்ன முறத்தை எடுத்து என் தோளுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பாள். எனக்குத் திருஷ்டி கழிக்கிறாள் என்று நினைத்து அசையாமல் நிற்பேன்.

கொட்டகையில் சுள்ளி பொறுக்க வருகிற பொம்பளைகள் சும்மா இருப்பார்களா? "இன்னாடி இது, பொண்ணச் சந்தைக்கு ஓட்டப் போறியா? இப்பிடித் தீனி போடற?" என்பார்கள்.

"ஆமாங்கா, எடை போட்டுத்தான் விக்கப் போறேன்" என்பாள் அம்மா.

எனக்கு வெட்கமாக இருக்கும். கோபமாகவும் இருக்கும். பெருத்துப்போனால் அடுப்புக்குள் யார் போவது? மொதலாளி யாரைச் சமத்து என்பார்? அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு கவளத்தைத் தம்பி பக்கம் தள்ளிவிடுவேன். அவனும் உருண்டு திரண்டான்.

அடுத்த போகி வந்தது. அன்று அம்மா கூலிக்குப் போகவில்லை. குடிசையிலேயே இருந்தாள். நைனா என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனபோது அம்மா முறத்தை ஒரு தரம் பார்த்தாள். மொதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெருத்துட்டாளே என்றார். எதற்கும் இருக்கட்டும், சின்னவனையும் இட்டுக்கினு வா என்றார். நைனா போய்த் தம்பியை இட்டுக்கினு வந்தார். ஐந்து வயதுப் பிள்ளை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து நின்றது. என் பன்னு அவனுக்குப் போய்விடுமே! நானே போறேன் என்று கையை நீட்டி, தலையை விட்டு, உதைத்துக்கொண்டு நுழைந்தேன்.

தோள் மாட்டிக்கொண்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. சாக்கு சுருண்டு நெஞ்சை நெரித்தது. நைனா காலைப் பிடித்து இழுத்தார். செங்கல் முனை தோளைக் கிழித்தது. கத்தினேன். என் சத்தம் உள்ளேயே சுற்றி என் காதிலேயே விழுந்தது.

வெளியே நடந்ததைத் தம்பி பெரியவனான பிறகு சொன்னான். அவன் கண்ணால் பார்த்தது அது. எண்ணெய் ஊத்தி இழு, செங்கல் மேல கைய வெக்காத, நாளைக்குப் பண்டிகை என்று மொதலாளி சொன்னாராம். நைனாவின் பக்கத்திலேயே கோடாலி இருந்தது. தினம் விறகு பிளக்கிற கோடாலி. அவர் கோடாலியைப் பார்க்கவில்லை, மொதலாளி முகத்தைப் பார்த்தாராம். அந்தப் பார்வைக்காக நைனா மேல் எனக்கு இருக்கிற கோபம் அவர் செத்து இத்தனை வருஷம் ஆகியும் ஆறவில்லை. ஆற வேண்டியதும் இல்லை.

என் சத்தம் கேட்டு அம்மா ஓடி வந்தாள். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. கோடாலியை எடுத்தாள், திருப்பிப் பிடித்தாள், வாய் ஓரத்துச் செங்கல்லில் அதன் பின்பக்கத்தால் போட்டாள். மொதலாளி ஐயோ ஐயோ என்று குதித்தார். ஒரு செங்கல் விழுந்தது. இன்னொன்று விழுந்தது. அம்மா என்னை உருவி எடுத்துக் கீழே நிறுத்தி, இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்துப் பார்த்தாள். சந்தையில் பூசணிக்காய் பார்க்கிற மாதிரி அழுத்தி அழுத்திப் பார்த்தாள். ரத்தம் வந்துக்கினு இருந்தது. பார்த்துவிட்டுச் சிரித்தாள். என் அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. மொதலாளிக்கு நன்றாகப் புரியட்டும் என்று தெலுங்கிலேயே சொன்னாள்: "மா பில்ல பெரிகிந்தி." எங்கள் பெண் வளர்ந்துவிட்டாள்.

அப்புறம் நைனாவிடம் கொத்துக்கரண்டியை நீட்டினாள். "வாய் இப்ப பெருசுதான். போ உள்ள."

நைனா போனார். மொதலாளிக்கு வேறு வழியில்லை, விடிந்தால் பண்டிகை. உடைந்த வாய்க்கு ஒரு தகரத்தைச் செய்துவைத்துச் சமாளித்தார்கள். பிற்பாடு அந்தத் தகரமே கதவாக நின்றுவிட்டது என்றும், பெரிய ஆள்தான் உள்ளே போய்ச் சுரண்டுகிறான் என்றும் கேள்விப்பட்டோம். கேள்விதான் பட்டோம், ஏனென்றால் பண்டிகை முடிந்ததும் எங்களைக் குடிசையைவிட்டுக் கிளம்பச் சொல்லிவிட்டார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு இந்தச் சத்தியவேடு பக்கம் வந்து சேர்ந்தோம்.

நான் அம்மாவோடு பேசவே இல்லை. இவள் என்னைப் பெருக்க வைத்ததால்தானே மாட்டிக்கொண்டேன், வீடு போனது, பன்னு போனது. வழியில் ஒரு புளியமரத்தடியில் களியை எடுத்து வைத்தாள். எனக்கு ஒரு உருண்டைதான். "இனிமே உன் இஷ்டம்டி. துன்னா துன்னு, வேணான்னா போ" என்றாள். பிறகு தனக்கென்று ஒரு உருண்டையை எடுத்து மெதுவாகத் தின்றாள். எனக்கு இன்னொன்று தராமல் இவள் தின்கிறாளே என்று எனக்கு அப்படி ஒரு கோபம். முறைத்துக்கினே உட்கார்ந்திருந்தேன். அவள் கை வளையல் முழங்கைக்கு மேலே ஏறி ஏறி இறங்கியதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பார்த்தது தெரிகிறது, புரிந்தது பல வருஷம் கழித்து. அந்த ஒரு வருஷத்தில் அம்மா இளைத்த இளைப்புக்கு, ஒரு செங்கல்லையும் இடிக்காமல் அவளே அந்த வாயில் நுழைந்திருப்பாள்.

நேற்று மருமகள் கடைக்குப் போனபோது நானே அந்த ஓவனைத் துடைத்தேன். சோடா மாவு பூசினால் கரி வருகிறது. பொய் சொல்ல மாட்டேன். கை எட்டாத மூலைக்கு ஒரு குச்சியில் துணியைச் சுற்றி விட்டேன். குச்சிக்கும் எட்டாதது எட்டாததுதான், இருந்துவிட்டுப் போகட்டும். அந்தக் கரியால் எந்தக் கேக்கும் கெட்டுப்போகாது.

போதும்டி, எழுதினதைப் படி. முதலிலிருந்து வேண்டாம், அம்மா முறத்தைத் தூக்கிப் பார்த்த இடத்திலிருந்து படி. சத்தமாகப் படி. உள்ளே உங்கம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்று ரொம்ப நேரம் ஆகிறது.