பால் ஊற்ற விடாத நாள்

அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர் அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்றவர்கள். அம்மாவைப் பற்றி எழுதும்படி அண்ணன் சொன்னபோது, நல்லவற்றை மட்டும் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். அந்த நாளை விட்டுவிட்டு எழுத வரவில்லை.

அம்மா திருவேட்டக்குடியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் நான்காவது பெண்ணாகப் பிறந்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கோட்டுச்சேரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அப்பாவுக்குக் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தர் வேலை. வீட்டில் சாப்பிடுகிறவர்கள் பதினோரு பேர். நடவு முடிந்து வந்து, ஈரச் சேலையோடு அடுப்பு மூட்டியபடி என்னைப் பாடம் வாசிக்கச் சொல்லிக் கேட்பார். நான் கல்லூரி வரை படித்தது அந்த அடுப்படியில்தான். அம்மாவின் கையால் ஒரு வாய் சாப்பிடாமல் எங்கள் வாசலைத் தாண்டியவர் யாரும் இல்லை. அப்படிப்பட்டவருக்குத்தான் சோறு இறங்காத நோய் வந்தது.

பிரசவத்துக்கு ஒரு பெட்டியில் மூன்று மாதத்துக்கான துணியோடு வந்தவள் நான். பதினோரு மாதம் இருந்தேன். குழந்தைக்கு நாற்பது நாள் ஆனபோது அம்மாவுக்குச் சாப்பாடு தொண்டையில் நிற்கத் தொடங்கியது. உணவுக்குழாயில் புற்று என்றார்கள் புதுச்சேரி மருத்துவர்கள். பிறகு, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்கள்.

“பிள்ளை பெத்தவ நீ. பத்தியக் கஞ்சி எனக்கு வருது பாரு,” என்று அம்மா சிரிப்பார். சிரித்து முடித்ததும், “உன்னப் புடிச்சு வச்சிக்கிட்டேனேடி,” என்பார்.

கூடத்தில் அம்மாவின் கட்டில். அதற்கு இரண்டடி தள்ளிக் குழந்தையின் தூளி. அம்மா முனகினால் குழந்தை விழிக்கும். குழந்தை அழுதால் அம்மா விழிப்பார். இரண்டுக்கும் நடுவில் நான். காரைக்கால் பேருந்து வாசலோடு போகும் சத்தம் கேட்கும். தஞ்சாவூரிலிருந்து, எப்போது வருகிறாய் என்று கணவரின் கடிதம் வரும். இது எப்போது முடியும் என்று ஒரு நாள் நினைத்துவிட்டேன். எது முடிய வேண்டும் என்று நினைக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த நாட்களில் எங்களைத் தாங்கியவர் காரைக்காலிலிருந்து வந்த நர்ஸ் அக்கா. பணி ஓய்வு பெற்றவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். முதல் நாள் வாசலில் நின்றே கேட்டார்: “நான் முஸ்லிம் வீட்டுப் பொண்ணும்மா. தொட்டுத் துடைச்சு விடலாமா?”

“நோவு எனக்கு. தொடாம எப்படித் துடைப்பே? உள்ள வா,” என்றார் அம்மா.

தினமும் உடம்பு துடைத்து முடித்ததும், அம்மாவின் நெற்றியில் குங்குமம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் என்னைக் கூப்பிட்டு வைக்கச் சொல்லிவிட்டுத்தான் அக்கா பையை எடுப்பார்.

கடைசி வாரத்தில், இனி வாய்வழியாக எதுவும் கொடுக்காதே, மூச்சுக்குழாயில் போய்விடும் என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

அம்மாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிய அந்த நாள் காலையில் நீங்கள் எல்லோரும் வந்துவிட்டீர்கள். அப்பாவின் அக்கா, எங்கள் பெரிய அத்தை, தம் வீட்டுப் பசுவின் பாலைக் காய்ச்சி ஆற்றிச் சொம்பில் கொண்டுவந்திருந்தார். தூளியருகே இருந்த, குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையைக் கையில் எடுத்தார்.

“நகரு. ஒரு வாய் ஊத்திடுறேன்.”

“வேணாம் அத்தை. மூச்சுல போயிடும்.”

“படிச்சவ சொல்லிட்டா! போற உசுருக்குப் பால் கெடையாதுன்னு வாசல்ல எழுதிப் போடு. நீ பெத்த பொண்ணாடி?”

“விடும்மா, அத்தை ஊத்தட்டும்,” என்றார் சித்தப்பா.

எனக்குப் பின்னால் கட்டில், முன்னால் நீங்கள், இடுப்பில் குழந்தை. நான் நகரவில்லை. அண்ணன் மட்டும் சத்தமில்லாமல் வெளியே போய், பேருந்தை விட்டு இறங்கிக்கொண்டிருந்த நர்ஸ் அக்காவை சைக்கிளில் அழைத்து வந்தார்.

அக்கா யாரையும் தவறு என்று சொல்லவில்லை. “பால் நல்லாக் காய்ச்சினதாங்க? குடுங்க,” என்று அத்தையிடம் வாங்கிக்கொண்டார். பஞ்சைக் கிள்ளி விளக்குத் திரி போல உருட்டி, பாலில் நனைத்துப் பிழிந்தார். “எங்க வீட்டுலயும் இந்த நேரத்துல மக்காவுலேருந்து வர்ற ஜம்ஜம் தண்ணி வைப்போம். இப்படித்தான், பஞ்சுல. ஒதடு நனைஞ்சாப் போதுங்க. மொதல்ல நீங்க வைங்க.”

அத்தை வைத்தார். அம்மாவின் உதடு ஒரு முறை பஞ்சைக் கவ்வியது. “குடிக்கிறாடி!” என்று அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பிறகு ஒவ்வொருவராக வைத்தீர்கள். நான் திரி உருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா வைத்து முடித்ததும் அம்மாவின் மூச்சு நின்றது. என் கையில் ஒரு திரி மிச்சம் இருந்தது.

பெற்ற மகள் பால் ஊற்றவில்லை என்று இந்த ஓராண்டில் பேசிக்கொண்டீர்கள். என் காதிலும் விழுந்தது. நான் இதுவரை சொல்லாதது ஒன்று இருக்கிறது.

அந்த நாளுக்கு மூன்று நாள் முன்பு, பிற்பகலில், வீட்டில் வேறு யாரும் இல்லை. குழந்தைக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தேன். அம்மா பாலாடையைக் காட்டி, “எனக்கும்,” என்றார். அக்கா சொன்னது நினைவில் இருந்தது. ஆனாலும் அந்தப் பாலாடையால் கஞ்சித் தெளிவை ஊற்றினேன். முதல் வாய் இறங்கியது. இரண்டாவது மூச்சில் போயிற்று. அம்மாவின் முகம் கறுத்தது. குழந்தையைத் தோளில் போடுவதுபோல அம்மாவைத் தூக்கி என் மேல் சாய்த்து முதுகைத் தட்டினேன். வெகுநேரம் கழித்து மூச்சு வந்தது. அம்மா என்னைப் பார்த்து, “நல்லாருந்துச்சு,” என்றார். “யாருட்டயும் சொல்லாதே.”

அத்தையின் கையில் அதே பாலாடையைப் பார்த்தபோது நான் ஏன் நகரவில்லை என்பது இப்போது உங்களுக்குப் புரியும். அந்தக் கஞ்சியைக் கொடுத்தது சரியா, அன்று தடுத்தது சரியா, எனக்கு இன்னும் தெரியவில்லை.

வலி தெரியாமல் பார்த்துக்கொண்ட நர்ஸ் அக்காவுக்கும், பதினாறு நாளும் கூடவே இருந்து எனக்கும் குழந்தைக்கும் சோறு போட்ட பெரிய அத்தைக்கும், பொறுத்திருந்த என் கணவருக்கும், வந்து நின்ற உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அம்மாவுக்குக் கடைசியாக ஊற்றியவள் நான்தான்.

யாரிடமும் சொல்லாதே என்றீர்கள், அம்மா. எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.