அந்த வீட்டுக் கணக்கில் நாங்களும்

சுனாமி அடித்து இரண்டு வருஷம் கழிந்த பங்குனி மாதம். ஷெல் சத்தம் நெருங்கியதும் வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்த எங்கள் ஊர் ஒரே காலையில் காலியானது. வாவியைக் கடந்து, கடல் பக்கமுள்ள எழுவான்கரைக்கு வந்தோம். என் கணவர் மாடுகளை விட்டுவர மனமில்லாமல் பின்தங்கிவிட்டார். என்னோடு நிறைமாத மகள் மட்டும்.

ஒரு பள்ளிக்கூட வாசலில் வரிசை. அவ்வளவு சனத்தை நான் கண்டதேயில்லை. ஒரு மாவட்டமே எழும்பி நடந்து வந்து அந்த முற்றத்தில் நின்றது போல இருந்தது. மேசையில் இருந்த அதிகாரி எல்லோரையும் பிரிவு பிரிவாக நிறுத்திக்கொண்டிருந்தார். இந்தப் பிரிவு இங்கே, அந்தப் பிரிவு லொறியில் வேறு முகாமுக்கு. நிவாரணச் சாமானும் பிரிவுப்படிதான் வருமாம். அவரிலும் பிழையில்லை.

என் முறை வந்தது.

"எந்தக் கிராம சேவகர் பிரிவு, அம்மா?"

அரசாங்கம் ஊர்களைப் பிரித்து வைத்த கணக்கெல்லாம் என் கணவருக்குத்தான் தெரியும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அரசாங்கக் கந்தோர்ப் படி ஏறியதில்லை. கோயிலிலும் கலியாண வீட்டிலும் யாரென்று கேட்டால் தாய்வழிக் குடியைத்தானே சொல்வோம்? வெட்கத்தில் அதுவே வாயில் வந்தது. குடிப்பெயரைச் சொல்லிவிட்டேன்.

வரிசையே சிரித்தது. "கலியாணம் பேசவா அக்கா வந்த நீங்க?" என்றது பின்னால் ஒரு குரல்.

அதிகாரி ஊர்ப்பெயரைக் கேட்டு, நாங்கள் லொறியில்தான் போகவேண்டும் என்றார். மகள் அதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். லொறியில் ஏற்றினால் வழியிலேயே பிள்ளை பிறந்துவிடும்.

சனத்துக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த ஒரு முஸ்லிம் பெண் கேத்தலைக் கீழே வைத்தார்.

"ஐயா, இவங்கள என்ட வீட்டுக் கணக்கில போடுங்க. இவ சொன்ன குடிதான் எங்கடயும். ஒரு குடியெண்டா கூடப்பிறப்பு. என்ட ராத்தா முறை."

அதிகாரி அவருடைய முக்காட்டையும் என் நெற்றித் திருநீற்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுதினார்.

ஓட்டோ பிடித்து ஆசுபத்திரிக்கும் அவரே கூட வந்தார். பின்னேரம் பேத்தி பிறந்தாள். அவர்கள் வீடு சுனாமிக்குப் பிறகு கட்டியது; சுவர் இன்னும் பூசவில்லை. இருந்த ஒரே கட்டிலை மகளுக்கும் பிள்ளைக்கும் விட்டுவிட்டு அவர் பாயில் படுத்தார்.

சில நாள் கழித்து, உண்மையாகவே உங்களுக்கும் அதே குடியா என்று பயந்து பயந்து கேட்டேன்.

"குடி எங்களுக்கும் இரிக்கி, உம்மா வழிதான். ஆனா அது வேற பேர், ராத்தா" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கடல் வந்த அண்டு நாங்களும் எங்கட பிரிவு தாண்டித்தானே ஓடின."

அத்தனை சனத்துக்கு முன்னால், முகம் தெரியாத ஒருத்தியைக் கூடப்பிறந்தவள் என்று சொல்ல ஒரு மனம் எப்படித் துணிந்தது!

பிறகு என் கணவரும் வந்து சேர்ந்தார். ஊர் திரும்பினோம். போரும் முடிந்தது.

இப்போதும் வானொலியில் மாவட்டத்துச் சனத்தொகையைப் பிரிவு பிரிவாக வாசித்தால், எங்கள் பிரிவோடு நான் எழும்புவதில்லை. அவருடைய பிரிவின் தொகையையும் கேட்டுவிட்டுத்தான் எழும்புவேன், எங்களையும் ஒருகாலம் சேர்த்து எண்ணிய பிரிவல்லவா அது.