காதில் கேட்ட கரகரப்பு

முதல் முறை அது கேட்டது ஒரு திங்கட்கிழமை காலை பத்து இருபதுக்கு. அடுத்த நிமிடமே குறித்துவைத்ததால் நேரத்தைச் சரியாகச் சொல்ல முடிகிறது. ஹெட்போனுக்குள் ஒரு கட்டடத் தொழிலாளி, எர்ணாகுளத்தில் வந்திறங்கிய முதல் நாளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் குரலின் நடுவே, பொரித்த பப்படத்தை உள்ளங்கையில் வைத்து நொறுக்கியதுபோல ஒரு சத்தம். அரை நொடிகூட இருக்காது.

பேச்சைக் கேட்டு எழுத்தாக்குவது என் வேலை. இங்கே கொச்சிக்கு வந்து பிழைக்கும் தமிழர்களிடம் எடுத்த பேட்டிகளைச் சென்னையிலுள்ள ஓர் ஆய்வு நிறுவனம் ஒலிப்பதிவாக எனக்கு அனுப்பும். ஓட்டல் தொழிலாளர்கள், மார்க்கெட்டில் காய் விற்பவர்கள், கம்பி கட்டுபவர்கள். அவர்கள் பேச்சில் பாதி தமிழ், பாதி மலையாளம். ஒரு வாக்கியம் தமிழில் தொடங்கி, நடுவில் சாயா குடித்து, மலையாளத்தில் முடியும். சென்னையில் இருப்பவர்களுக்கு அது பிடிபடாது. மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்த எனக்குப் பிடிபடும். எனக்கிருக்கும் ஒரே தகுதி என் காது. ஐம்பத்திரண்டு வயதில் வேறு வேலைக்கு யாரும் என்னைக் கூப்பிடப்போவதில்லை.

என்னிடம் இரண்டு நோட்டுகள் உண்டு. பச்சை நோட்டு வீட்டுக்கும் அதிலுள்ள சாமான்களுக்கும்: சிலிண்டர் மாற்றியது, மோட்டார் ரிப்பேர், கணினியில் செய்த காரியங்கள். நீல நோட்டு உடம்புக்கு: ரத்த அழுத்தம், மாத்திரை, தூங்கிய நேரம். அன்றைக்கு என் கை யோசிக்காமல் நீல நோட்டை எடுத்தது. ‘காதில் கரகரப்பு, 10.20, இடது பக்கம் அதிகம்’ என்று எழுதினேன்.

அப்பா தோப்பும்படியில் ஒரு படகுப் பட்டறையில் துரு தட்டியவர். அவருக்கும் முதலில் சத்தம்தான் வந்தது. கொஞ்ச காலம் கழித்து எதுவுமே காதில் விழவில்லை.

செவ்வாய்க்கிழமை ஏழு முறை. புதன்கிழமை பத்தொன்பது. பதிவில் கோளாறு இருக்கலாம் என்று, சத்தம் கேட்ட இடங்களுக்குத் திரும்பிப் போய், கையைக் கட்டிக்கொண்டு மறுபடி கேட்டேன். அங்கே ஒன்றுமில்லை, குரல் சுத்தமாக இருந்தது. ஆக, பதிவில் இல்லை. பதிவில் இல்லையென்றால் எங்கே இருக்கிறது? அந்தக் கேள்விக்கு மேல் யோசிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வியாழக்கிழமையிலிருந்து இன்னொன்றும் சேர்ந்தது. நான் தட்டிய எழுத்து திரையில் தாமதமாக வந்தது. விரலை எடுத்த பிறகும் சொல்லின் கடைசி இரண்டு எழுத்துகள் வராமல் நிற்கும், பிறகு சேர்ந்து விழும். ஒரு நாளில் முடிக்கும் பதிவுக்கு இரண்டு நாள் ஆனது. காது ஒரு பக்கம், கை ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். இது காது அல்ல, தலைக்குள் எதுவோ என்று தோன்றியது. எங்கள் சந்தின் கடைசி வீட்டு அம்மாளுக்கு இப்படித்தான், முதலில் கை மெதுவானது. நீல நோட்டில் ‘விரல் தாமதம்’ என்று ஒரு புதுத் தலைப்புப் போட்டேன்.

ஹெட்போனை இன்னொருவர் காதில் மாட்டிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. அதைப் பதின்மூன்று நாள் தள்ளிப்போட்டேன். அவருக்கும் கேட்டால் நல்லது. கேட்காவிட்டால்? அந்த ஒரு நிமிடத்தைப் பின்னால் நகர்த்திவைத்திருக்கும்வரை நான் இன்னும் நன்றாக இருக்கிறேன் என்று ஒரு கணக்கு.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணவரைக் கூப்பிட்டேன். அவர் மாநகராட்சியில் கொசு மருந்து அடிக்கும் பிரிவில் இருக்கிறார். என் நாற்காலியில் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டிவிட்டு, பதிவை ஓடவிட்டேன். நான் பின்னால் நின்றேன்.

“நல்லாத்தானே கேக்குது. இந்தாளு கப்பையும் மீனும் பத்திப் பறையறான். எனக்கே பசிக்குது.”

“நடுவுல பொரியற மாதிரி ஏதாச்சும்?”

“ஒண்ணும் இல்ல.”

“இன்னும் கொஞ்சம் கேளுங்க.”

ஐந்து நிமிடம் கேட்டார். என் முகத்தைப் பார்த்ததும் ஹெட்போனைக் கழற்றினார்.

“எதுக்கு? உனக்குக் காதில வல்ல கோளாறும் உண்டா?”

“சும்மாதான் கேட்டேன்.”

“உனக்குக் காதா! அடுத்த வீட்டுக்காரி உப்பு அதிகமாயிருச்சுன்னு முணுமுணுக்கறதே உனக்குத்தானே முதல்ல கேக்கும்.”

அவர் சிரித்துக்கொண்டே எழுந்து போனார். நான் உட்கார்ந்தேன். பதிவை ஓடவிட்டுத் தட்டத் தொடங்கினேன். இரண்டாவது வரியிலேயே கரகரத்தது. அவர் இருந்த அதே நாற்காலி, அதே ஹெட்போன், அதே குரல். எனக்கு மட்டும்தான் கேட்கிறது. நீல நோட்டை எடுத்து நேரத்தைக் குறித்தேன்.

புதன்கிழமை அவரிடம் சொல்லாமல் படகேறி எர்ணாகுளத்தில் ஒரு காது மருத்துவரிடம் போனேன். கண்ணாடி வைத்த சிறிய அறைக்குள் உட்காரவைத்து, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். பரிசோதனை செய்த பெண் பாதியில் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தாள்.

“சேச்சி, கேட்டா மாத்திரம் ஞெக்கினா மதி.”

கேட்காததற்கெல்லாம் அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு சத்தத்தைக்கூடத் தவறவிடக் கூடாது என்று பட்டனை விடவே இல்லை. முதலிலிருந்து மறுபடி செய்தாள்.

மருத்துவர் காகிதத்திலிருந்த கோட்டைக் காட்டினார். வலது காது நேராகப் போயிற்று. இடது காதின் கோடு ஓரத்தில் சற்றுக் கீழே இறங்கியிருந்தது. உச்சமான ஒலிகள் அந்தப் பக்கம் கொஞ்சம் குறைவாகக் கேட்கின்றன, இந்த வயதில் பலருக்கு இருப்பதுதான் என்றார். ஆனால் நான் சொல்லும் கரகரப்புக்கு அது காரணமாகத் தெரியவில்லை என்றும் சொன்னார். விரல் தாமதத்தைப் பற்றிச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார். ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம், பயப்படுவதற்காக அல்ல, தெரிந்துகொள்வதற்காக. அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு எழுதிக்கொடுத்தார். படகில் திரும்பி வரும்போது என் பக்கத்தில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் பேச்சில் கரகரப்பு இருக்கிறதா என்று கரை வந்து சேரும்வரை கவனித்தேன். இல்லை. அதுவும் நிம்மதி தரவில்லை. வந்து வந்து போகிறது என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. பதிவுகளைப் பிரித்துக்கொடுக்கும் பெண்.

“மேடம், மூணு ஃபைல் நிக்குதே. நீங்க லேட் பண்ணவே மாட்டீங்க. உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“உடம்புக்கு என்ன, நல்லாத்தான் இருக்கேன். கம்ப்யூட்டர்தான் ரொம்ப மெதுவா ஓடுது.”

“அப்ப அத முதல்ல சரி பண்ணிடுங்க மேடம்.”

நான் சொன்னது பொய் என்றுதான் நினைத்தேன். சொன்னபடி நடந்துகொண்டால் அடுத்த முறை கேட்கும்போது தடுமாறாமல் பதில் சொல்லலாம். சனிக்கிழமை காலை கணினியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஆட்டோவில் தோப்பும்படிக்குப் போனேன். வலை விற்கும் கடைக்கு மேல்மாடியில் ஒரு ரிப்பேர் கடை. கடைக்காரர் தமிழ்க் குடும்பம்தான், பேச்சு தமிழ், ரசீது எழுதுவது மலையாளத்தில். நாற்பது வயதிருக்கும்.

“மெதுவா இருக்கு, அவ்வளவுதான்” என்றேன். சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

“இது கேம் விளையாடற மெஷினாச்சே சேச்சி. நீங்களா விளையாடறீங்க?”

“மகன் வாங்கினது. வேலை கிடைச்சுப் போறப்ப விட்டுட்டுப் போயிட்டான்.”

“இதுக்குள்ள நல்ல கிராஃபிக்ஸ் கார்டு கிடக்குது. மெதுவாகறதுக்கு வழியே இல்லையே.”

மேசையிலிருந்த பழைய ஸ்பீக்கரைச் செருகி ஒரு பாட்டைப் போட்டார். பாட்டு ஓடும்போதே திரையில் ஒரு ஜன்னலைப் பிடித்து இங்குமங்கும் இழுத்தார். ஸ்பீக்கர் கரகரத்தது.

“சேச்சி, இந்தப் பொரிச்சல் எப்ப தொட்டு?”

நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

“உங்களுக்குக் கேட்டுதா?”

“எனக்கா? கீழ மீன் வண்டிக்காரனுக்கே கேட்டிருக்கும்.”

அவர் ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்தேன். இன்னொரு முறை செய்து காட்டச் சொன்னேன். செய்தார். கரகரத்தது. மூன்றாவது முறையும் கேட்டபோது அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பிறகு கணினியில் ஒரு சிறிய நிரலை ஓட்டினார். கணினிக்குள் எந்த வேலை எதைக் காக்க வைக்கிறது என்று அளப்பது. திரையில் ஒரு பட்டை பச்சையாக இருந்தது. என்னைத் தட்டச் சொன்னார். நான்கு எழுத்து தட்டியதும் பட்டை சிவப்பாக ஏறியது. கையை எடுத்தேன், பச்சை. வைத்தேன், சிவப்பு. பட்டைக்குக் கீழே குற்றவாளியின் பெயர் வந்தது. கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவர், அதாவது அந்தக் கார்டைக் கணினி இயக்குவதற்கான மென்பொருள். திரையில் ஏதாவது அசையும்போதெல்லாம் அது மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவைக்கிறது. எழுத்து காத்திருந்து தாமதமாக வரும். ஒலியால் காத்திருக்க முடியாது, அறுந்துபோகும். அதுதான் கரகரப்பு.

நான் தட்டினால் கேட்கும், தட்டாவிட்டால் கேட்காது. கையைக் கட்டிக்கொண்டு மறுபடி கேட்டபோது இல்லாமல் போனது அதனால்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை கணவரும் தட்டவில்லை, வெறுமனே உட்கார்ந்து கேட்டார்.

“டிரைவரை எப்ப மாத்தினீங்க?”

“மாசா மாசம் முதல் சனிக்கிழமை எல்லாத்தையும் அப்டேட் பண்ணிடுவேன்.”

“யாரு பண்ணச் சொன்னது?”

“யாரும் சொல்லல. அன்னைக்கு வீடு துடைக்கற நாள்.”

“அதோட மெஷினையும் துடைச்சிட்டீங்க” என்று சிரித்தார். “ஓடற வண்டியை எதுக்கு சேச்சி பிரிக்கறீங்க?”

பையில் இரண்டு நோட்டுகளும் இருந்தன. பச்சையைப் பிரித்தேன். ‘சனி: ஃபேன் தூசி துடைத்தது. கிராஃபிக்ஸ் டிரைவர் புதுப்பித்தது, 4.15.’ நீலத்தைப் பிரித்தேன். ‘திங்கள்: காதில் கரகரப்பு, 10.20.’ ஞாயிறு நான் கணினியைத் தொடுவதில்லை. இரண்டு வரிகளுக்கும் நடுவே ஒரு விடுமுறை நாள் மட்டும் இருந்தது. மூன்று வாரமாக ஒவ்வொரு நாளும் இரண்டு நோட்டுகளிலும் எழுதியிருக்கிறேன். ஒரு முறைகூட இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. கரகரப்பை ஒரு சாமானின் கோளாறாக எழுத எனக்குத் தோன்றவே இல்லை.

கடைக்காரர் புது டிரைவரை மிச்சமில்லாமல் துடைத்தெடுத்துவிட்டு, பழையதைப் போட்டார். அதோடு வரும் தேவையில்லாத ஒலிப் பகுதியை விட்டுவிட்டார். தானாகப் புதுப்பித்துக்கொள்ளாதபடி பூட்டினார். முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் என்னைத் தட்டச் சொன்னார். தட்டினேன். எழுத்துகள் விரலோடு வந்தன. பட்டை பச்சையாகவே நின்றது.

திங்கட்கிழமை மருத்துவமனைக்குப் போன் செய்தேன். மருத்துவரே பேசினார், கடையில் நடந்ததைச் சொன்னேன். ஸ்கேன் வேண்டாம் என்றார். ஆனால் இடது காதை ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், ஹெட்போனில் சத்தத்தைக் குறைத்து வைக்க வேண்டும். அந்தக் கோடு இறங்கியிருப்பது டிரைவரால் அல்ல.

போனை வைத்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்தேன். தேங்கி நின்ற பதிவு நாற்பது நிமிடம். சத்தத்தைக் குறைத்து ஓடவிட்டேன். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் அந்தக் கரகரப்பு வந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக் கேட்டேன். வரவில்லை. பதிவு முடிந்தபோது திரையைப் பார்த்தேன். ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. பயத்தில் கைகளை மடியிலேயே வைத்திருந்திருக்கிறேன். தட்டாமல் கேட்டால் எப்போதுமே சுத்தமாகத்தான் கேட்கும். நாற்பது நிமிடம் கேட்டும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

தொடக்கத்துக்குப் போனேன். கைகளை விசைகளின் மேல் வைத்தேன். முதல் வாக்கியம், இரண்டாவது வாக்கியம். எழுத்துகள் உடனுக்குடன் வந்தன. குரல் அறுபடவில்லை. தோள்கள் மெல்ல இறங்கின. பதினோராவது நிமிடத்தில் மட்டும் ஓரிடம் பிடிபடவில்லை. பின்னால் போய்க் கேட்டேன். மறுபடி போனேன். பேட்டி கொடுத்தவர் வாய்க்குள்ளேயே பேசினாரா, என் இடது காதா, தெரியவில்லை. ஹெட்போனைத் திருப்பி மாட்டி, இடது பக்கமே பதிவாகியிருந்த அவர் குரல் வலது காதுக்கு வரும்படி வைத்துக் கேட்டேன். பிடிபட்டது. எழுதிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போனேன்.