சி ஷிப்ட் மாமாவும் இருநூறு வாட்ஸும்

பிள்ளைகளா, போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் அத்தை பையன் வந்தபோது, நம் வீட்டு மர ஸ்பீக்கர்கள் இரண்டையும் அவற்றுக்கு நடுவே இருக்கும் சின்ன ஆம்ப்ளிஃபயரையும் பார்த்து, "என்ன மாமா, லாரிக்கு மொபெட் இன்ஜின் மாட்டின மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். நீங்கள் இருவரும் அவனோடு சேர்ந்துகொண்டு சிரித்தீர்கள். அப்புறம் சின்னவள் மட்டும் தனியாக வந்து, "ஏம்ப்பா, பெருசு வாங்க நம்மகிட்ட காசில்லையா?" என்று காதோடு கேட்டாள். காசு விஷயம் இல்லை கண்ணு. நான் ஐ.டி.ஐ. படித்தவன், எழுதிப் பழக்கமில்லாதவன். இருந்தாலும் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. மத்திகிரியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஆறு வீட்டுக்கும் ஒரே கூரை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைக்கல் சுவர். முதல் வீட்டில் மிளகாய் வறுத்தால் நான்காம் வீட்டில் தும்முவார்கள். என் அப்பா, அதாவது உங்கள் தாத்தா, ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருந்தார். சரியான பொருளுக்குப் பச்சை அட்டை, தள்ளுபடிக்குச் சிவப்பு, முடிவாகாததற்கு மஞ்சள் என்று நாள் முழுக்க அட்டை கட்டுவதுதான் அவர் வேலை. வீட்டிலும் அந்தப் பழக்கம் விடவில்லை. ஒருமுறை அம்மா சுட்ட அதிரசத் தட்டில் மஞ்சள் அட்டையைச் செருகி வைத்தார். அன்றைக்கு ராத்திரி அவருக்குச் சோறு கிடைக்கக் கொஞ்சம் தாமதமானது.

அந்த வருடம் அப்பாவின் கம்பெனி தன் விருந்தினர் மாளிகையை மூடியது. அங்கிருந்த சாமான்களையெல்லாம் தொழிலாளிகளுக்குக் குலுக்கல் போட்டார்கள். அதில் ஒரு பிரிட்ஜ் இருந்தது. அம்மா ஒரு மாதம் முன்பாகவே அடுப்படி மூலையை ஒழித்து, கழுவி, கோலம்கூடப் போட்டு வைத்திருந்தாள். குலுக்கல் அன்று சாயந்தரம் கம்பெனி வேன் வந்தது. என் உயரத்துக்கு இரண்டு மரப்பெட்டிகள் இறங்கின.

"ஏங்க, பிரிட்ஜை ரெண்டா பிரிச்சு அனுப்பியிருக்காங்களா?" என்று அம்மா கேட்டாள்.

ஸ்பீக்கர்கள். முன்னொரு காலத்தில் அந்த மாளிகையில் தங்கியிருந்த வெளிநாட்டு இன்ஜினியர் விட்டுவிட்டுப் போனவை. அப்பா பிறப்பதற்கு முன்பே செய்தவை என்று சொன்னார்கள், அவ்வளவு இருக்காது. பின்னால் ஒரு தகடு. அதில் புரியாத எழுத்துக்கு நடுவே அப்பாவுக்குப் புரிந்தவை இரண்டே: எட்டு ஓம்ஸ், இருபத்தைந்து வாட்ஸ்.

கோலம் போட்ட மூலையில் அவை போய் நின்றன. அம்மா கெடு வைத்தாள். "ஆயுத பூஜைக்குள்ள இது பாடணும். பாடலன்னா ஒண்ணுல அரிசி கொட்டுவேன், இன்னொண்ணுல ராகி கொட்டுவேன். ஆமா."

அப்பா ஆம்ப்ளிஃபயர் தேடக் கிளம்பினார். அவருடைய கம்பெனி எலக்ட்ரீஷியன் ஒருவர் மோட்டார் கணக்கில் யோசனை சொன்னார். "அண்ணே, அஞ்சு குதிரை லோடுன்னா ஏழரை குதிரை மோட்டார் போடறமா இல்லையா? இதுக்கும் அதேதான். பெருசா போடுங்க, திணறாது." சொன்னதோடு விடாமல், தெரிந்த மைக்செட்காரரிடமிருந்து இருநூறு வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "பூஜை வரைக்கும் வச்சுப் பாருங்க" என்று வைத்துவிட்டுப் போனார். அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். சுவிட்சைப் போட்டால் பாட்டுக்கு முன்பே 'ம்ம்ம்' என்று எருமை மாதிரி ஒரு முனகல் வரும்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ரேடியோ மெக்கானிக் வேறு மாதிரி சொன்னார். பதினைந்து வாட்ஸில் பழைய பெட்டி ஒன்றை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். "சார், அந்தக் காலத்து ஸ்பீக்கரு கொஞ்சம் குடுத்தாலே நல்லா பேசும். முரட்டு ஆளைப் புடிச்சுக் கட்டி வைக்காதீங்க." அம்மா அதைப் பார்த்து டிபன் பாக்ஸ் என்றாள்.

அப்பா இரண்டுக்கும் மஞ்சள் அட்டை கட்டினார். ஒரு நோட்டில் கோடு போட்டு, தெளிவு, முனகல், எடை, சூடு என்று கட்டம் கட்டி மார்க் போட்டார். மார்க் எல்லாம் டிபன் பாக்ஸுக்குத்தான் விழுந்தது. ஆனால் பெரியதன் முன்னால் நிற்கும்போது அவர் மீசையைத் தடவிக்கொள்வதை நான் பார்த்தேன். அவர் மனசு இருநூறில்தான் இருந்தது. என் மனசைக் கேட்கவே வேண்டாம். ஆயுத பூஜை அன்று எங்கள் வீட்டு ஓடு பெயரும், வந்து பாருங்கள் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். பெரியது திரும்பிப் போனால் என் மானம் அதோடு போகும்.

எங்கள் ஆசைக்குக் குறுக்கே இருந்தவர் அடுத்த வீட்டு மாமா. தனியாள், குடும்பம் அரூர்ப் பக்கம் ஊரில் இருந்தது. எப்போதும் அவருக்கு சி ஷிப்ட், அதாவது ராத்திரி வேலை. தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு யூனிபார்மில் கிளம்புவார், காலையில் வருவார், பகலெல்லாம் தூங்குவார். லைனில் எல்லோரும் அவரை சி ஷிப்ட்காரர் என்பார்கள். எனக்கு சி ஷிப்ட் மாமா. "மாமா தூங்கறார்" என்று சொல்லியே அப்பா சத்தத்தை ஒன்றுக்கு மேல் திருப்ப விடமாட்டார். இருநூறு வாட்ஸை வைத்துக்கொண்டு ஒன்றில் வைப்பது, பஸ்ஸை வாங்கித் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி.

காலாண்டு லீவில் ஒரு நாள். அப்பா வேலைக்குப் போயிருந்தார், அம்மா ரேஷன் கடையில் வரிசையில் நின்றிருந்தாள். என் சிநேகிதர்கள் மூன்று பேர் வந்து, "எங்கடா உன் ஓடு பேர்க்கற பெட்டி?" என்று கேட்டார்கள். நான் பெரியதை மாட்டிப் பாட்டைப் போட்டேன். ஒன்று, இரண்டு என்றெல்லாம் போகவில்லை. ஒரே திருப்பு.

மேளம் ஒரே ஒரு அடி அடித்தது. தொடர்ந்து ஸ்பீக்கருக்குள்ளே யாரோ துணி கிழிப்பது போலச் சத்தம். முன்துணி வழியாகக் கறுப்பு மாவு புஸ்ஸென்று பறந்தது. சிநேகிதர்கள் மூன்று பேரும் எந்த வழியாகப் போனார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முகமெல்லாம் கரியோடு நான் மட்டும் நின்றேன். வாசலில் லுங்கியோடு சி ஷிப்ட் மாமா.

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் நேராக வந்து சுவிட்சை அணைத்தார். முன்துணியைக் கழற்றிப் பார்த்தார். "அழாதடா. காகிதக் கூம்பு நல்லாத்தான் இருக்கு. சுத்தியிருக்கற நுரை ஓரம் மக்கிப் போயிருந்துச்சு, உதிர்ந்திருச்சு. நான் கம்பெனில ரப்பர் ஷீட்ல கேஸ்கெட் வெட்டினவன், பாத்துக்கலாம்" என்றார். 'வெட்டினவன்' என்றார், 'வெட்டுறவன்' என்று சொல்லவில்லை. அதெல்லாம் அன்று என் காதில் விழுமா?

அப்பா வந்து பார்த்துவிட்டு என் காதைத் திருகினார். மாமாதான் விலக்கிவிட்டார். மறுநாளிலிருந்து மூன்று பகல் அவர் எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து, பழைய குடைத்துணியை வட்டமாக வெட்டி, ரப்பர் சொல்யூஷன் தடவி, நகத்தால் நீவி நீவி ஓரம் கட்டினார். அம்மா அவருக்கு மதியம் சோறு போட்டாள். "நைட்டு டூட்டி பாக்கறவருக்குப் பசிக்கும்" என்று எனக்கு வைத்திருந்த முட்டையையும் அவர் தட்டில் வைத்தாள். நான் அதையும் கணக்கில் வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மதியம் ஓனரம்மா வந்தாள். முன்வீட்டில் இருந்த தெலுங்குக்கார அம்மா. வாடகைக்கு வருகிறவரிடம் அவள் கேட்பது ஒன்றே ஒன்று: கம்பெனி வேலையா? இல்லையென்றால் சாவி கிடையாது. அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, சட்டையைக்கூடக் கழற்றாமல் மாமா ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏமய்யா, மூணு நாளா பாக்கறேன், பகல்ல பொட்டி ஒட்டற. நீ எப்போதான் தூங்குவ?" என்றாள்.

"தூங்கிக்குவேம்மா."

"மூணு மாசமா நைட்டு, நைட்டுங்கற. எந்தக் கம்பெனில இப்படி? என்கிட்ட எத்தனை கம்பெனி ஆளுங்க இருந்துட்டாங்க! நாளைக்கு உன் கம்பெனி கார்டைக் கொண்டா, பாக்கலாம்."

மாமாவின் விரல் சொல்யூஷனில் ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றது.

அப்பா எழுந்தார். "அவங்க கம்பெனில எக்ஸ்போர்ட் ஆர்டர்மா. ஆளு பத்தல, நைட்லயே போட்டு வாட்டறாங்க. எங்க கம்பெனிலயும் உண்டு. இந்தாளு தூக்கம் கெடுதேன்னுதான் நான் இந்தப் பெரிய செட்டையே திருப்பிக் குடுக்கறேன். பாருங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா சிவப்பு அட்டையை எடுத்தார். 'காரணம்' என்ற இடத்தில் 'அடுத்த வீட்டார் தூக்கம்' என்று எழுதினார். பெரியதன்மேல் கட்டி, ஓனரம்மாவிடம் காட்டினார். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. ஆனால் சிவப்பு படிக்க வரும்.

"அய்யோ, இத்தனை பெரிய பொட்டியவா?" என்றாள்.

"என்ன பண்றது? இவன் கையில இது இருந்தா அவர் எங்க தூங்கறது?" என்று என்னைக் காட்டினார். அப்புறம் மாமாவைக் கூப்பிட்டு, "தம்பி, ஒரு கை புடி" என்றார். இருவருமாகத் தூக்கி மொபெட்டில் வைத்துக் கட்டினார்கள்.

"அண்ணே, எதுக்குண்ணே இதெல்லாம்..." என்று அவர் ஆரம்பித்தார்.

"நீ போய்ப் படு. டூட்டிக்குப் போகணுமில்ல?" என்றார் அப்பா.

அப்பாவுக்கு வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் மொபெட் தெருமுனையில் திரும்பும்போது என் கண்ணில் தெரிந்ததெல்லாம் வகுப்பு மொத்தமும் சிரிக்கப்போகும் சிரிப்புதான். ஒரு தூக்கத்துக்காக என் மானத்தை விற்றுவிட்டார் என்று அப்பாவோடு இரண்டு நாள் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை என்பது இன்னும் வருத்தம்.

ஆயுத பூஜைக்கு ஸ்பீக்கர்களுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, டிபன் பாக்ஸுக்குப் பச்சை அட்டை கட்டிப் பாட்டுப் போட்டோம். "இனிமே இது கத்தக் கூடாதுண்ணே, பேசலாம்" என்று மாமா சொல்லியிருந்ததால் சத்தம் மூன்றைத் தாண்டவில்லை. சிநேகிதர்கள் காதைப் பெட்டியில் ஒட்டிக்கொண்டு, "டேய், இது அதிரலடா, ரகசியம் சொல்லுது" என்றார்கள். அம்மா மட்டும் பொரியைக் கிளறிய கையை நிறுத்திவிட்டு, "ஏங்க, பாடறவங்க மூச்சு இழுக்கறதுகூடக் கேக்குது" என்றாள். அரிசி, ராகிப் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

ஓனரம்மா அடியோடு மாறிவிட்டாள். அத்தனை பெரிய பெட்டியையே ஒருவன் திருப்பிக் கொடுக்கிறான் என்றால் விஷயம் நிஜம்தான் என்று முடிவு செய்துவிட்டாள் போல. கார்டு பேச்சை எடுக்கவில்லை. கீரைக்காரர் கூவினால், "மெல்ல! மெல்ல! சி ஷிப்ட்!" என்று அவரைவிடச் சத்தமாகக் கத்துவாள். அந்தச் சத்தத்தில் மாமா தினமும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

தை மாதம் மாமா வீட்டைக் காலி செய்தார். சூளகிரிப் பக்கம் புதுக் கம்பெனியில் வேலையாம். "அப்ப நைட்டு வேலை என்ன ஆச்சு மாமா?" என்று கேட்டேன். "அதுலருந்து மாத்தி விட்டுட்டாங்கடா" என்று சொல்லி என் தலையில் கை வைத்தார். அம்மா, "போய்ப் படிடா" என்று விரட்டினாள்.

எத்தனையோ வருடம் கழித்து, நானும் கம்பெனிக்குப் போய், லைன் லீடரானேன். முதல் வேலையாக நாற்பது பேருக்கு ஷிப்ட் அட்டவணை போடச் சொன்னார்கள். தெரியாமல் ஒருவனைத் தொடர்ந்து மூன்று வாரம் சி ஷிப்டில் போட்டுவிட்டேன். அவன் சண்டைக்கு வந்தான், யூனியன் வந்தது, மேனேஜர் கூப்பிட்டார். "எந்தக் கம்பெனிலயாவது ஒரே ஆளை சி-லயே வைப்பாங்களாய்யா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டிக்கொண்டே வெளியே வந்தேன். பாதி வழியில் சி ஷிப்ட் மாமா ஞாபகம் வந்து கால் நின்றுவிட்டது. அப்படியென்றால் அவருக்கு அன்று வேலையே இல்லை; அப்பாவுக்கு அது தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

மதியம் எல்லோரும் கேன்டீனுக்குப் போன பிறகு அட்டவணையைப் பென்சிலால் திருத்தினேன். கடைசியில் ஒரு வரி காலியாக இருந்தது. அவர் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டு வைத்துக்கொள்ளவே இல்லை. 'மாமா' என்று எழுதினேன். எதிரே இருந்த ஆறு கட்டங்களிலும் 'ஜெனரல்', அதாவது பகல் ஷிப்ட், என்று போட்டு, ஞாயிற்றுக்கிழமையில் 'விடுமுறை' என்று போட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ரப்பரால் அழித்து, தூளை ஊதிவிட்டு, அட்டவணையைக் கொண்டுபோய்ப் போர்டில் குத்தினேன்.