மின்தடை நாளில் போட்ட கர்சீப்

இசைவாணிக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வாள். ஆனால் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி விடுவதை நிறுத்திவிட்டாள். கையோடு எடுத்துப்போய்க் கட்டிலுக்கு அடியில் வைக்கிறாள். ஏன் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். அவள் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

கோயம்புத்தூர்க் கல்லூரியில் படித்தவள், மாணவர் பரிமாற்றத்தில் ஒரே ஒரு செமஸ்டருக்கு மதுரைக்கு வந்தாள். காளவாசல் தாண்டி, ரோட்டின் மேலேயே பெண்கள் விடுதி. கேம்பஸ் இன்டர்வியூவில் ஏற்கெனவே வேலை கிடைத்திருந்தது. லோடு ஆட்டோ ஓட்டும் அப்பா, மகள் ஜூனில் வேலைக்குப் போகிறாள் என்று ஸ்டாண்டு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஆனால் மதுரையில் ஒரு பேப்பர் போனாலும் மொத்த செமஸ்டரும் செல்லாது, வேலையும் கிடையாது. திங்கட்கிழமை கடைசிப் பரீட்சை. அவளுக்குத் தண்ணி காட்டிய பேப்பர் அதுதான்.

விடுதி மாடியில் ரீடிங் ஹால். அங்கே செருப்பை வெளியேதான் விட வேண்டும். இன்னொரு வழக்கமும் உண்டு. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, எழுந்து போகிறவர்கள் நாற்காலியில் கர்சீப் போட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். பார்த்துக்கொள்கிறேன் என்று ஒத்துக்கொண்டால், அவர்கள் திரும்பி வரும்வரை நகரக் கூடாது. எங்கும் எழுதி வைக்காத சட்டம். யாரும் மீற மாட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை மாதாந்திர மின்தடை. ஒன்பது மணிக்குப் போனால் ஐந்து மணிக்குத்தான் கரண்ட் வரும். அறைத்தோழி நுஸைபா வெள்ளிக்கிழமையே சிம்மக்கல்லில் இருக்கும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். பையைத் தோளில் மாட்டும்போது சொன்னாள்.

"நாளைக்குக் கரண்ட் இருக்காது. ஹால்ல போய் ஒக்காராத."

வெக்கைக்காகச் சொல்கிறாள் என்று இசைவாணி நினைத்துக்கொண்டாள்.

மதியம் 2:10. ஹாலில் ஈ காக்கை இல்லை. வாசலில் ஒரு செருப்புகூட இல்லை. நல்லதாகப் போயிற்று என்று ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்து புத்தகத்தில் தலையைக் கவிழ்த்தவள்தான்.

2:50. பக்கத்து நாற்காலி இழுபடும் சத்தம். பேனா கரகரவென்று ஓடும் சத்தம். யாரோ பாவம், நம்மைப்போல மாட்டிக்கொண்டவள் என்று நினைத்தாள். நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. ஓரக்கண்ணில் ஒரு கை மட்டும் தெரிந்தது. மணிக்கட்டில் நீல நிற ரப்பர் பேண்ட்.

3:05.

"அக்கா, எடத்தக் கொஞ்சம் பாத்துக்கங்க. டீ குடிச்சிட்டு வாரேன்."

"ம்... போயிட்டு வா."

நாற்காலி பின்னால் நகர்ந்தது. அந்த ஹாலின் கதவு, திறந்தால் கிறீச்சிடும். அன்று கிறீச்சிடவில்லை. அது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

3:40. போனவள் வரவில்லை. நாற்காலியில் மஞ்சள் பூப்போட்ட கர்சீப் கிடந்தது. இசைவாணி எழுந்து கதவுவரை போய் எட்டிப் பார்த்தாள். வெளியே அவளுடைய செருப்பு மட்டும்தான். சரி, வெறுங்காலோடு நடப்பவளாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

4:20. நாக்கு வறண்டுவிட்டது. இதற்கு மேல் முடியாது. கர்சீப்பை எடுத்து அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போகலாம் என்று கை நீட்டினாள்.

ஈரம்.

சூடான ஈரம்... டீ வாடை.

இசைவாணி தன் பையை எடுத்தாள்.

முதுகுக்குப் பின்னால் நாற்காலி இழுபட்டது.

"எங்கக்கா போறீங்க... பாத்துக்கச் சொன்னேன்ல..."

திரும்பவில்லை.

கதவு. கிறீச்...

வாசலில் இரண்டு ஜோடி செருப்பு.

ஒன்றில் வார் அறுந்திருந்தது.

கீழே விடுதியைக் கூட்டிப் பெருக்கும் ஒச்சாயி உட்கார்ந்திருந்தாள். வெறுங்காலோடு ஓடி வந்தவளைப் பிடித்து உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் பவதாரிணி என்று ஒரு பெண், இவளைப் போலவே ஒரு செமஸ்டருக்கு வந்து தங்கியிருந்தாளாம். ஒரு மின்தடை நாளில் நாற்காலியில் கர்சீப் போட்டுவிட்டு, எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போயிருக்கிறாள். திரும்பி ரோட்டைக் கடக்கும்போது செருப்பு வார் அறுந்து தடுமாறிவிட்டாள். லாரிக்காரன் கவனிக்கவில்லை. அந்தக் கர்சீப் இரண்டு நாள் நாற்காலியிலேயே கிடந்ததாம். அதிலிருந்து கரண்ட் இல்லாத நாட்களில், ஹாலில் யார் இருந்தாலும் இடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கிறாளாம். இங்கேயே படிக்கும் பிள்ளைகளுக்கு இது தெரியும். வாயைத் திறக்காமல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கீழே வந்துவிடுவார்கள். அவளும் அதோடு விட்டுவிடுவாள், யார் பின்னாலும் வந்ததில்லை.

ஒச்சாயி அவள் முகத்தையே பார்த்தாள்.

"ஏத்தா, அவ கேட்டதுக்கு நீ என்ன சொன்ன?"

"போயிட்டு வான்னு சொன்னேன்."

ஒச்சாயி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

திங்கட்கிழமை இசைவாணி பரீட்சை எழுதினாள். பாஸும் ஆனாள். ஜூனில் கோயம்புத்தூரில் வேலையில் சேர்ந்தாள். முதல் நாள் வேலை முடிந்து வந்தபோது மாலை 6:30. தெருவில் கரண்ட் இல்லை. வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். மகள் சம்பாதிக்கத் தொடங்கிய சந்தோஷத்தில், வாசலில் விளக்கு வைக்கப் போன அம்மா அங்கிருந்தே கேட்டாள்.

"கூட யாரு கண்ணு வந்திருக்கறது? ரெண்டு சோடி செருப்பு கெடக்குது."

இசைவாணி எழுந்து போய்ப் பார்க்கவில்லை. அந்தச் செருப்பில் வார் அறுந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.

"ஆமா, அறுந்துதான் கெடக்குது. அந்தப் புள்ளைக்கும் சேர்த்து டீ போடட்டா?"