கண்ணாடி அலுமாரியில் முதிர்ந்த வைன்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னைப் பெண் பார்க்க, பக்கத்து நகரமான விட்பியிலிருந்து ஒருவர் தன் தாயுடன் வந்தார். பழம் கொண்டுவருவார்கள் என்று அம்மா தட்டம் கழுவி வைத்திருந்தா. அவர் ஒரு போத்தலை நீட்டினார். ஸ்பெயின் நாட்டுச் சிவப்பு வைன், ரியோஹா.

அப்பாவுக்கு அன்று மாலைக்குள் என் வாயிலிருந்து சம்மதமாக ஒரு 'ஓம்' வேண்டும். முதல் வந்த மூன்று பேரையும் வேண்டாம் என்றிருந்தேன். நாலாவது ஆளையும் தட்டிக்கழித்தால், தான் இனி யாரையும் தேடப் போவதில்லை என்று சொல்லியிருந்தார். அதை ஒரு மிரட்டல் என்றே அவர் நினைத்திருந்தார்.

வந்தவர் வைனைப் பற்றி ஆறு கிழமை வகுப்புக்குப் போனவராம். மோர்னிங்சைட்டில் எங்கள் அபார்ட்மென்ட் சோபாவின் நுனியில் இருந்தபடி எங்கள் சாப்பாட்டைத் திருத்தத் தொடங்கினார். ரியோஹாவுக்குச் சுட்ட ஆட்டிறைச்சி சேரும். முற்றிய செம்மறிப்பால் சீஸ் சேரும், காளான் சேரும். தேங்காய்ப்பால் சேராது, மீன் சேராது, உறைப்பு சேரவே சேராது. மேசையில் இருந்தவை ஆட்டிறைச்சிப் பிரட்டல், கத்தரிக்காய்ப் பால்கறி, இறால் பொரியல், சொதி.

"குறை நினைக்காதேங்கோ அன்ரி. உந்த உறைப்புக்குப் பக்கத்தில வைன் செத்துப்போகும்."

"அப்ப வைனைத் தள்ளி வையுங்கோ தம்பி," என்றா அம்மா.

அப்பா அவசரமாகச் சிரித்தார். "எத்தனை வருசப் பழசு தம்பி?"

"வாங்கி நாலு வருசம் அங்கிள். ஷோகேஸுக்குள்ள, லைட்டுக்குக் கீழ நிண்டது. ஆரையும் தொட விடேல்ல."

"கீழ ஹீற்றர்," என்று தாய் பெருமையோடு சேர்த்துக்கொண்டா. "குளிர் படவே விடேல்ல. ஒவ்வொரு வெள்ளியும் நான்தான் தூசு துடைக்கிறனான்."

எங்கள் சனத்தின் ஷோகேஸ்கள் எனக்குத் தெரியும். பீங்கான் அன்னம், பட்டமளிப்புப் படம், ஒருவரும் குடிக்காத தேநீர்க் கோப்பைகள், வந்தவர் பார்க்க ஒரு போத்தல். வைனை இருட்டில், குளிர்மையில், கிடத்தி வைக்கவேண்டும் என்று அந்த வகுப்பில் கட்டாயம் சொல்லியிருப்பார்கள். ஆனால் கிடத்தினால் லேபிள் தெரியாதே!

அவர் போத்தலைத் திறந்தபோது தக்கை காய்ந்து நொறுங்கி, பாதி உள்ளே விழுந்தது. அவர் கிளாஸைச் சுழற்றினார், மூக்கை உள்ளே விட்டார், கண்ணை மூடி ஒரு வாய் குடித்தார். எனக்கு உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊறுகாய், தக்காளி சோஸ் என்று நாள் முழுக்கப் புளிப்பை அளப்பவள். மேசைக்கு மறுபக்கத்திலேயே எனக்கு மணம் வந்துவிட்டது. அவர் என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று காத்திருந்தேன்.

"செர்ரிப்பழம்," என்றார். "கொஞ்சம் ஓக் மரம். கடைசியில புகையிலை."

அப்பா ஒரு மிடறு விழுங்கினார். கண்ணில் நீர் முட்டியது. "நல்ல சாமான்," என்றார். அப்பாவை மன்னிக்கலாம். அவருக்கு மகளைக் கட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது. வந்தவருக்கு என்ன கட்டாயம்?

நான் அப்பாவின் கிளாஸை எடுத்து மணந்தேன். பெண் வைன் கிளாஸைத் தொடுவதா என்று தாய் நிமிர்ந்தா.

"உது வினாகிரி," என்றேன். வைன் புளித்துக் காடியாகியிருந்தது.

"ரியோஹா அப்பிடித்தான் இருக்கும். பழகாத ஆக்களுக்கு விளங்காது."

சொல்லிவிட்டு, என்னைப் பார்த்தபடியே கிளாஸில் இருந்த முழுவதையும் குடித்து முடித்தார். நெற்றி வியர்த்தது. பழுதாகிவிட்டது என்று ஒரு சொல் சொல்லிச் சிரித்திருந்தால், அப்பாவுக்கு என் 'ஓம்' கிடைத்திருக்கும்.

அவர்கள் போனபின் அப்பா கேட்டார், "அப்ப, உவரும் வேண்டாமோ பிள்ளை?"

"தன்ர நாக்குச் சொல்லுறதையே கேளாத மனிசன், நான் சொல்லுறதைக் கேட்பாரோ?"

அப்பா இருமிக்கொண்டிருந்தார்.

மிச்சத்தைச் சிங்கில் ஊற்றப் போனேன். அம்மா விடவில்லை. தக்கைத் தூளை வடித்தெடுத்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கடுகும் அதில் ஊறவைத்து அச்சாறு போட்டா. அடுத்த ஞாயிறு ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு சாப்பிட்டோம். உறைப்புக்குப் பக்கத்தில் அது சாகவில்லை.